ரொட்டியும் சம்பலும் தாய்ப்பாலும்

கேள்வி: தாய்ப்பாலில் கொழுப்பு எவ்வளவு?

பதில்: முதல் சில நாட்களின் சீம்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 2 கிராம், பால் முதிர்ந்தபின் 3.5 முதல் 4.5 கிராம் வரை. குழந்தை பெறும் சக்தியில் ஏறக்குறைய பாதி இதுதான். சீம்பாலின் மஞ்சளைப் பார்த்து நெய் என்று மயங்க வேண்டாம். அது கரோட்டின் தரும் நிறம்.

கேள்வி: நமுனுகுல மலையில் கொழுந்து பறிக்கும் தாய், தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து பால் கொடுக்கும்போது முதலில் தண்ணீராக வருகிறதே, வெயிலா காரணம்?

பதில்: வெயில் நிரபராதி. பால் தேங்கி மார்பு கனக்கும்போது கொழுப்புத் துளிகள் சுரப்பியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு பின்தங்குகின்றன. பால் வடிய வடியத்தான் இறங்கி வருகின்றன. அதனால் கடைசிப் பாலில் முதற்பாலைவிட இரண்டு மூன்று மடங்கு கொழுப்பு இருப்பதுண்டு. கொடுத்து நெடுநேரமானால் தொடக்கப் பால் மேலும் நீர்த்திருக்கும். 1939இல் பிறந்து பலமுறை திருத்தம் கண்ட இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளில் இரண்டு இடைவேளை தருகிறது: காம்பரா இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. அந்த இடைவேளையில், கொழுந்துக்கூடையை இறக்கியதும் அவசரப்பட்டு மார்பை மாற்றினால் கெட்டிப் பால் உள்ளேயே நின்றுவிடும். ஒரு பக்கம் தீரக் குடிக்கட்டும். ஒரு நேரம் கொழுப்புக் குறைந்தாலும் நாள் முழுதும் குடிக்கும் பிள்ளைக்குக் கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: பிளேன்டி குடித்தால் பால் நீர்க்குமா?

பதில்: நீர்க்காது. வாயிலிருந்து மார்புக்குக் குழாய் போடவில்லை.

கேள்வி: லயத்துச் சமையலில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான் அதிகம். இதில் பாலுக்கு என்ன சத்து?

பதில்: தாயின் சாப்பாடு கொழுப்பின் அளவை அதிகம் அசைப்பதில்லை, வகையைத்தான் மாற்றுகிறது. மாச்சத்து மிகுந்து கொழுப்புக் குறைந்த சாப்பாட்டில், பாற்சுரப்பியே லோரிக், மிரிஸ்டிக் முதலிய அமிலங்களைக் கூடுதலாகச் செய்கிறது. தேங்காயில் அதே அமிலங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. காலைச் சம்பலின் அடையாளம் அன்றைக்கே பாலில் தெரியும். ஆக, ரொட்டியும் சம்பலும் ஒரே அமிலங்களுக்கு இரண்டு வழி.

கேள்வி: அப்படியானால் குறை எதில்?

பதில்: மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பில். உலகச் சராசரியில் பாற்கொழுப்பின் 0.3 வீதம் அளவே அது. மீன் தின்னும் கரையோரத் தாய்மாரிடம் கூடுதல். நமுனுகுல மலை இருக்கும் ஊவாவுக்குக் கடலில்லை. பதுளைச் சந்தைக்கு வரும் சாளையோ, கடையிலிருக்கும் டின் மீனோ வாரத்தில் இரண்டொரு நாள் தாயின் தட்டில் விழுந்தால் அந்த வீதம் ஏறும். வீட்டில் மீன் துண்டு முதலில் யார் தட்டுக்குப் போகிறது என்பதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை.