ஆடு தின்னாத செடி

எங்கள் ஊரில் யாரும் காசு கொடுத்துச் செடி வாங்கியதில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மண் பூமி. யார் வீட்டுக்காவது போனால் ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு வந்து ஊன்றுவோம். ஊன்றுவதற்கு முன் ஆச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "ஆடு திங்குமால?" தின்னும் என்றால் அது செடியே இல்லை, தழை. தின்னாது என்றால் இடம் உண்டு.

இந்தப் பரீட்சையில் தேறியவைதான் வீட்டைச் சுற்றி நின்றன. மேற்கு வேலியில் கள்ளி, தெற்கே ஆடாதோடை, கிணற்றடியில் செவ்வரளி, வாசலில் மஞ்சளரளி. எருக்கு யாரும் அழைக்காமலே வந்தது. பிள்ளையாருக்கு ஆகும் என்று விட்டுவைத்தோம். இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடிய சரக்கு அரளியின் இலை, பூ, வேர் எல்லாவற்றிலும் இருக்கிறது. நச்சியல் பேராசிரியர் யாராவது எங்கள் வளவுக்குள் நுழைந்திருந்தால், மாணவர்களையும் கூட்டிவந்து அங்கேயே வகுப்பு எடுத்திருப்பார். அதற்கு நடுவில்தான் மாடுகளும் ஆடுகளும் மணி என்ற நாயும் கணக்கில் வராத பூனைகளும் வாழ்ந்தன. செடியிடமிருந்து மிருகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மிருகத்திடமிருந்து செடியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. நான்குவழிச் சாலைகளின் நடுவில் இன்றும் அரளி வளர்க்கிறார்களே, அவர்களும் ஆச்சியின் கட்சிதான். மாடு வாய் வைக்காது.

இப்போது சென்னையில் நான்காவது மாடி. மகள் கொண்டுவந்த பூனை, பெயர் பப்பு. பப்புவின் கால் மண்ணில் பட்டதில்லை. கேள்வியும் தலைகீழாகிவிட்டது. "பூனை தின்னா ஒண்ணும் ஆகாதுல்லப்பா?" தின்றாலும் ஒன்றும் ஆகாது என்றால்தான் அந்தச் செடிக்கு வீட்டில் இடம்.

மகளிடம் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமெரிக்க விலங்கு நலச் சங்கத்தின் நச்சுச்செடிப் பட்டியல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டைச் சோதனை போட்டாள். முதலில் மாட்டியது மணி பிளாண்ட். அதன் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கடித்தால் நாக்கிலும் வாயிலும் குத்தி எரிச்சல், எச்சில் வடிதல், வாந்தி. எனக்குச் சிரிப்பு வந்தது. நாக்கு அரிக்கிறது என்று நாம் புளி ஊற்றி வேகவைக்கும் கருணைக்கிழங்கிலும் சேம்பிலும் இருப்பது அதே ஊசிதான். எல்லாம் ஒரே குடும்பம். டிஃபன்பேக்கியாவும் பீஸ் லில்லியும்கூட அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். என்ன, பப்புவுக்குப் புளி ஊற்றி வேகவைத்துக் கொடுக்க முடியாது.

பீஸ் லில்லி பெயரளவில்தான் லில்லி. நிஜ லில்லி பூனைக்கு எமன். மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினால் போதும். பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நாய்க்கு அவ்வளவு ஆபத்தில்லை, வயிற்றைக் கலக்குவதோடு சரி. ஆக, தொட்டியைவிட விருந்தாளி கொண்டுவரும் பூங்கொத்துதான் கவனிக்க வேண்டியது. வாசலிலேயே வாங்கி, எதிர்வீட்டுக்கு அன்பளிப்பாகக் கடத்திவிடுகிறோம். பட்டியலில் சோற்றுக்கற்றாழையும் இருக்கிறது: வாந்தி, பேதி. ஆச்சி அதை நிலைப்படிக்கு மேல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், திருஷ்டிக்கு. அந்த ஒரு விஷயத்தில் அவள் அமெரிக்கச் சங்கத்தின் அறிவுரையை முன்கூட்டியே கடைப்பிடித்திருக்கிறாள்.

அந்தக் காலத்து மிருகத்துக்கு எதைத் தின்னலாம் என்று தெரியும் என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். பாதி உண்மை. ஊர்ப் பூனைக்கு எலி இருந்தது, ஓணான் இருந்தது, வயிறு சரியில்லை என்றால் அறுகம்புல் இருந்தது. அரளியை முகர்ந்து பார்க்கக்கூட அதற்கு நேரமில்லை. நான்காவது மாடிப் பூனைக்கு வேலை இல்லை, பொழுது போகவில்லை, கண்ணெதிரே ஆடும் இலை ஒன்றுதான் இரை. மறு பாதியை ஊர்க்காரர்கள் சொல்வதில்லை. எங்கள் நாய்கள் எல்லாவற்றுக்கும் பெயர் மணி. ஒன்று செத்தால் அடுத்ததும் மணி. அதனால் சாவு கணக்கில் ஏறியதே இல்லை. ஏன் செத்தது என்று கேட்டால் 'பூச்சி கடிச்சிருக்கும்' என்பார்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லிருந்து இருக்கிறது; ஆனால் எங்கள் ஊருக்கு வந்தவர் மாட்டு டாக்டர். அவரிடம் நாயைக் காட்டுவது மரியாதைக் குறைவு.

நர்சரிக்குப் போனோம். "அண்ணே, பூனை கடிச்சா ஒண்ணும் ஆகாத செடி வேணும்."

"பூனை எதுக்கு சார் செடியைக் கடிக்குது? மீன் வாங்கிப் போடுங்க சார்."

இருந்தாலும் பட்டியலைக் காட்டி வாங்கினோம். ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் ஃபெர்ன், கலாத்தியா, அரிகா பாம். இவை நாய்க்கும் பூனைக்கும் பொதுவாகத் தொல்லை தராதவை. ரோஜாவும் மல்லிகையும்கூட அப்படித்தான். அரிகா பாமை அவர் பாக்கு மரம் என்றே விற்கிறார். அது மடகாஸ்கர் சரக்கு, தாம்பூலத்துக்கு உதவாது. நிஜப் பாக்கிலுள்ள அரிகோலினைக் கொடுத்து நாயின் வயிற்றிலிருந்து நாடாப்புழுவை வெளியேற்றிய மருத்துவர்கள் ஒருகாலத்தில் இருந்தார்கள். நாய் பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை.

பில் போடும்போது, செழிப்பாக வரட்டும் என்று ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை நர்சரிக்காரர் இலவசமாகத் தந்தார். அதை நான் திருப்பிக் கொடுத்ததில் அவருக்கு வருத்தம். ஆமணக்கு விதையின் ரிசின் சரியாக நீக்கப்படாத புண்ணாக்கை, மணத்துக்கு ஆசைப்பட்டுத் தொட்டியைக் கிளறித் தின்ற நாய்கள் செத்திருக்கின்றன. செடி சாது, உரம் கொலைகாரன்.

பப்பு மெல்லுவதற்கென்றே கோதுமைப் புல்லும் வளர்க்கிறோம். பொட்டலத்தில் அழகான ஆங்கிலப் பெயர் போட்டு வருகிறது. அம்மன் கோயில் முளைப்பாரிதான். பூனையைக் கிறங்கடிக்கும் வெளிநாட்டு மூலிகைத் தூளும் ஒரு டப்பா வந்தது. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை புரண்டு எழும் குப்பைமேனி எங்கள் குடியிருப்பின் பின்சுவரோரம் தானாகவே முளைத்திருந்தது. போன மாதம் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள்.

குடியிருப்பு என்றதும் சைக்கஸ் நினைவுக்கு வருகிறது. நுழைவாயிலின் இருபுறமும் நிற்கும் அந்தக் குட்டைப் பனை மாதிரிச் செடிகள்தான் எங்கள் சங்கத்தின் பெருமை. நாய்க்கு அதைவிட மோசமான அலங்காரச் செடி அபூர்வம். எல்லாப் பாகமும் நஞ்சு, விதை கொடிது, ஈரல் போய்விடும். அதன் அடியில்தான் காலையில் லாப்ரடார்கள் வரிசையாக நிற்கின்றன. 'செடிகளில் நாய்களைச் சிறுநீர் கழிக்க விடாதீர்கள்' என்று பலகையும் இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "இதுவரைக்கும் எந்த நாயும் சாகலையே சார்?" என்றார். செடி ஒவ்வொன்றும் என்ன விலை என்பதையும் சொன்னார். இருந்தாலும் என் கோரிக்கை வீண்போகவில்லை. மறுவாரமே பலகையில் இரண்டாவது வரி ஏறியது: 'செடிகளை நாய்கள் கடித்தால் அபராதம் 500 ரூபாய்.'