கட்டில் தூக்கும் வியாதி

தமிழ் சினிமாவில் மனநோய் வந்தால் முதலில் மாறுவது முழியும் மேக்கப்பும்தான். 'சந்திரமுகி' (2005) கங்கா கட்டிலையே தூக்கிக் காட்டினார். அதே ஆண்டு வந்த 'அந்நியன்' கருடபுராணப்படி ஆளைக் கொன்றான். வைத்தியம் இன்னும் சுலபம்: கங்கா பழிவாங்கத் துடிக்கும் ராஜா வேட்டையனுக்குப் பதில் பொம்மையைக் கொளுத்தினால் கங்கா பழைய கங்கா! அமெரிக்கா ரிட்டர்ன் மனநல டாக்டர், கூடவே ஒரு சாமியார். மாத்திரைச் சீட்டுதான் காணோம்.

நிஜத்தில் மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யவே சில வாரமாகும். அதுவரை கட்டிலைத் தூக்குவது எங்கே, கட்டிலைவிட்டு எழுவதே பெரும்பாடு. அதைப் படமெடுத்தால் எவர் டிக்கெட் வாங்குவார்?

தூங்காத பையனை டாக்டரிடம் காட்டச் சொன்னால், "அவனென்ன கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி கேஸா?" என்று வீட்டில் எகிறுகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, சார். முழியை உருட்டாமலே சீட்டுப் போடுவார்கள்.