பத்து நிமிஷக்காரர்

மலையேறக் கிளம்பும் எந்தக் கூட்டத்திலும் அவர் ஒருவர் இருப்பார். "நான் மூணு தடவை போயிருக்கேன்" என்பதுதான் அவருடைய அடையாள அட்டை. ஒரு வாரம் முன்பிருந்தே நம் தொப்பையையும் செருப்பையும் மாறி மாறிப் பார்ப்பார். ஆஸ்பத்திரி வார்டைச் சுற்றிவரும் பெரிய டாக்டரின் பார்வை அது. பார்த்து முடித்ததும், "பரவாயில்ல, நான் இருக்கேன்ல" என்பார்.

எங்களுக்கு வாய்த்தவர் அலுவலகத்தின் மூத்த கணக்கர். மலை, திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை. 4,500 அடிக்கு மேல் உயரம், உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். சாமிக்காகப் பாதிப் பேர், மேலிருந்து தெரியும் காட்சிக்காகப் பாதிப் பேர் என்று ஒரு மார்கழி ஞாயிறு கிளம்பினோம்.

தென்மாதிமங்கலத்தில் இறங்கி, பச்சையம்மனைக் கும்பிட்டு, குரங்கை விரட்ட ஆளுக்கொரு தடி வைத்துக்கொண்டோம். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "அதுங்களுக்கு என்னைத் தெரியும்." தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். "பாரமில்லாம ஏறணும் சார், அதான் சூட்சுமம்." அந்தச் சூட்சுமம் எங்கள் பாட்டில்களில்தான் இருக்கிறது என்பது முதல் அரை மணியிலேயே விளங்கிவிட்டது.

முதலில் மரநிழலில் போகும் சாதுவான பாதை.

"படிக்கட்டு எப்ப சார் வரும்?"

"பத்து நிமிஷம்."

முக்கால் மணி கழித்து வந்தது. ஆயிரத்தைத் தாண்டும் படிகள். முந்நூறு வரை எண்ணிவிட்டு, மூச்சை எண்ணிக்கையில் செலவழிப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

"படி எப்ப சார் முடியும்?"

"பத்து நிமிஷம்."

அலுவலகத்தில் பயணப்படியில் இரண்டு ரூபாய் கூடிவிட்டால் மூன்று முறை விளக்கம் கேட்கும் மனிதர் இவர். மலையில் மட்டும் எல்லாக் கணக்கையும் பத்தில் முடித்துவிடுகிறார். பதினைந்து என்றால் உட்கார்ந்துவிடுவோம், ஐந்து என்றால் நம்ப மாட்டோம். பத்து என்பது பலகால ஆராய்ச்சியில் கண்ட அளவாக இருக்க வேண்டும். கூப்பிடு தூரம் என்று நம் பாட்டன்மார் சொன்னதற்காவது ஒரு குரலின் எல்லை இருந்தது.

படிகள் முடியும் இடத்தில் ஒரு குரங்கு எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு நேராக அவரிடம் வந்து, சட்டைப் பையிலிருந்த கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டு போனது. அவரைத் தெரியும் என்றது பொய்யில்லை.

இந்த மலைக்கு வழி சொல்வது ஒன்றும் புதுத் தொழில் அல்ல. சங்க இலக்கியம் நவிரமலை என்று சொல்வது இதைத்தான் என்பார்கள். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்ல, பெருங்கௌசிகனார் மலைபடுகடாத்தில் 583 அடிகள் எடுத்துக்கொண்டார். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள்; தினைப்புனக் காவலர் கவண்கல் வீசுவார்கள், ஒதுங்குங்கள்; பாம்பு உண்டு; பாசி வழுக்கும்; இருட்டினால் குகையில் தங்குங்கள் என்று ஒளிக்காமல் சொன்ன புலவர். எங்கள் கணக்கர் கையில் அந்தப் பாட்டு கிடைத்திருந்தால் ஒரே அடியில் முடித்திருப்பார்: பத்து நிமிஷம்.

படிகளுக்கு அப்பால் பாதை பாறையாகிறது. குமரி நெட்டு என்று பெயர். பெயருக்கேற்ற நெட்டுக்குத்தான ஏற்றம். அதில் நாங்கள் நாலு கால் பிராணிகளாக ஊர்ந்துகொண்டிருந்தபோது அவர் உத்தியை மாற்றினார். "இதுதான் சார் கஷ்டம். இதுக்கு மேல சுலபம்." இதே வாக்கியத்தை மூன்று பாறைகளில் சொன்னார்.

கடைசியில் வந்தது கடப்பாறைப் படி. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து, சங்கிலி போட்டிருக்கிறார்கள். கம்பியில் கால், சங்கிலியில் கை, கீழே பள்ளத்தாக்கு. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு நல்ல நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. பையெல்லாம் யார் பாத்துக்கிறது?"

"போன தடவை நீங்க..."

"போன தடவையும் பை இருந்துச்சு சார்."

"அதுக்கு முந்தி?"

"அப்பவும் பைதான்."

நாங்கள் ஏறினோம். சங்கிலியைப் பிடித்த கை, வீடு திரும்பும்வரை விரியவில்லை. கடப்பாறை முடிந்தால் தண்டவாளத் துண்டுகளைப் போட்ட படி. அதையும் தாண்டி உச்சி. நம் கையாலேயே சாமிக்குப் பூப்போடலாம் என்பதால் போட்டோம். காட்சிக்காக வந்த பாதிப் பேர் விளிம்பில் போய் நின்றோம். வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி மூட்டம். அரை மணி நின்றும் வேட்டி விலகவில்லை.

கீழே வந்தபோது நிழலில் அவரைச் சுற்றி ஒரு புதுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. "வடக்கால ஜவ்வாது மலை நீளமா படுத்திருக்கும்மா. இந்தப் பக்கம் திருவண்ணாமலை தனியா நிக்கும் பாருங்க, கண்ணு கலங்கிடும். தோ, பத்து நிமிஷம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் முகத்தில் களைப்பு போய் ஆசை ஏறிவிட்டிருந்தது. பாட்டியம்மா கூட எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார்.

பரிசில் பெற்று வந்தவன் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. போகாதவர் போகிறவர்களுக்கு வழி சொல்வதற்கு இன்னும் யாரும் இலக்கணம் எழுதவில்லை. எழுதினால், முதல் எடுத்துக்காட்டு எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்.

இறங்கும்போது, யாரும் கேட்காத தூரத்தில் என் பக்கம் வந்தார்.

"மேல எப்படி சார் இருந்துச்சு?"

"ஒண்ணுமே தெரியல சார். முழுக்க மூட்டம்."

நிஜமாகவே வருத்தப்பட்டார். என் தோளில் கை வைத்தார்.

"அடடா... நான் வர்றப்பல்லாம் தெளிவாத்தான் சார் இருக்கும்."