சிரிக்காதீங்க தாத்தா

புகைப்படக் கலை எங்கேயோ போய்விட்டது, பாராட்டத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் ஃபிலிம் சுருளுக்கு 36 படம். யோசித்து யோசித்து அமுக்கினார்கள், பாவம். இப்போது ஒரு மீன்கூடைக்கே 360. அதில் ஒன்றைப் பொறுக்கி, லட்ச ரூபாய் கேமரா துல்லியமாகப் பிடித்த வண்ணத்தை உருவி, புள்ளி தூவி, கீறல் போட்டு, ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சையும் ஏற்றினால் 'ஃபிலிம் லுக்'. அப்பாவின் கல்யாண ஆல்பத்துக்கு இதையெல்லாம் கரையான் இலவசமாகவே செய்து கொடுத்தது. ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரித்த அரசு ஆலையை மூடியதற்காக இனி யாரும் வருந்த வேண்டாம். ஃபிலிம்தான் போயிற்று, அதன் குறைகளைக் காப்பாற்றிவிட்டோம்.

தெருப்படம் என்றால் ஞாயிறு விடியற்காலை, சென்னை காசிமேடு மீன் சந்தை. புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன் 1952-இல் புத்தகம் போட்டுச் சொன்ன அந்த ஒற்றைக் கணத்தைப் பிடிக்க, ஒரே தாத்தாவைச் சுற்றி ஏழெட்டு லென்ஸ்கள். வறுமை பளிச்சென்று விழ வேண்டும். பின்னணி மங்க வேண்டும். தாத்தா சிரித்துத் தொலைத்தார்.

"சிரிக்காதீங்க தாத்தா, இயல்பா இருங்க" என்று திருத்தினார் ஒரு தம்பி.

தாத்தா வலையைக் கீழே வைத்தார். "எந்த லென்ஸுப்பா? 85-னா இன்னும் பின்னால போ. சோகம் நூறு ரூபா. பீடியோட சோகம் நூத்தம்பது."

நியாயமான விலைதான். மீன் வாங்க வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை வேறு சந்தைக்குப் போங்கள். குறுக்கே வந்து ஃபிரேமைக் கெடுக்காதீர்கள்.