எலுமிச்சை எதற்கு?

கேள்வி: அக்கா, முகம் பளிச்சென்று ஆக எலுமிச்சைச் சாறு தடவலாமா? பாட்டி தடவச் சொல்கிறார்.
– கல்லூரி மாணவி, தேனி

பதில்: எலுமிச்சை ரசத்துக்கு, ரசம் சோற்றுக்கு, முகத்துக்கு வேண்டாம் தங்கச்சி! சாற்றின் பி.எச். அளவு சுமார் 2. நம் தோலுக்கோ ஏறக்குறைய 5. சாறு பட்ட கன்னத்தோடு பஸ் ஸ்டாப் வெயிலில் நின்றால் கொப்புளமே வரலாம். ஆறிய பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் போகாது. பாட்டியிடம் கடலை மாவை மட்டும் வாங்கிக்கொள், எண்ணெய்ப் பசையை எடுக்கும். பருவைக் கிள்ளாதே. காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம் எடுத்து, காது மடல் வரை பூசு. தலையணை உறையை முகர்ந்து பார். தலை எண்ணெயெல்லாம் அதில்தான் ஊறிக் கிடக்கும், வாரம் ஒருமுறையாவது துவை. மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு க்ரீமைத் தயவுசெய்து தொட்டுவிடாதே!