பராகுவே போற மருமவனுக்கு

பராகுவே போறியாமே மருமவனே, உங்க அம்மை சொன்னா. நல்ல யோசனைதான். பிரேசிலுக்குப் போனா எதிர்வீட்டுப் பய போன வருசமே போயிட்டு வந்தேம்பான். பராகுவேன்னா அது எங்க இருக்குன்னு தேடவே அவனுக்கு ஒரு பொழுது ஆவும். கெட்டிக்காரம்ல நீ!

கடலே இல்லாத நாடு அது. ஆனா கப்பற்படை வச்சிருக்கான். சிரிக்காத, ஆத்து வழியா அவனுக்குக் கடலுக்குப் பாதை உண்டு. நீச்சல் தெரியாம நீச்சல் கண்ணாடி வாங்கி வச்சிருக்கியே, உனக்கு என்ன பாதை?

ஜனவரியில அங்க கோடை. தலைநகரம் அசுன்சியோன்ல வெயிலு 40 டிகிரியத் தொடும். உன் கம்பளிக் கோட்டு அந்த ஊரு நாய்க்குக்கூட உதவாது. அந்த வெயிலுக்கு அவுக குடிக்கது தெரெரே. மாத்தே இலைத்தூளை மாட்டுக்கொம்புக் குவளையில அடைச்சு, ஐஸ்தண்ணி ஊத்தி, நுனியில சல்லடை வச்ச உலோகக் குழலால உறிஞ்சுவாக. நடைபாதையில உரலும் கையுமா பொம்பளையாளுக உக்காந்து, வயித்துக்கு இன்னது, சூட்டுக்கு இன்னதுன்னு அந்தத் தண்ணியில போடப் பச்சிலை இடிச்சுத் தருவாக. 2020ல யுனெஸ்கோவே இந்தத் தெரெரே பழக்கத்தப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேத்துட்டான். (எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. பேன் காத்துக்காக நூலகத்துல போயி உக்காந்தா நாலு விசயம் காதுல விழத்தான் செய்யும்.)

ஏழெட்டுப் பேரு இருந்தாலும் குவளை ஒண்ணு, குழல் ஒண்ணு. நீயோ, அத்தை வீட்டுச் செம்பையே ரெண்டு தடவ கழுவிக் குடிக்கிற ஆளு! அதோட, எடுத்ததுக்கெல்லாம் தாங்க்ஸ் சொல்ற வியாதி வேற. குவளையத் திருப்பிக் குடுக்கையில 'கிராசியாஸ்'னு சொல்லிட்டியோ, போதும்னு அர்த்தம். அடுத்த சுத்துல உனக்குக் கிடையாது. வாய மூடிட்டுக் குடு.

பஸ்ஸுல கூடையோட 'சிப்பா'ன்னு ஒரு பலகாரம் விக்க ஏறுவாக. மரவள்ளி மாவும் சீஸும் சோம்பும் போட்டுச் சுட்ட ரொட்டி. சூட்டோட தின்னுரு, போட்டோ எடுத்துட்டு இருந்தா கல்லாயிரும். என்கர்னாசியோன் பக்கம் திரினிதாத்ல இயேசு சபைக்காரங்க கட்டுன சிவப்புக் கல்லுக் கோயில் இடிஞ்சு கெடக்கு. கூட்டம் இருக்காது. உன்னைய நிக்க வச்சுப் படம் எடுக்கவும் ஆளு அகப்படாது, பாவம்.

ஒண்ணே ஒண்ணு. 1864லருந்து 1870 வரைக்கும் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூணு பேரோடயும் சண்ட போட்டு, ஆம்பளையாளுகள்ல பெரும்பங்கப் பறிகொடுத்த மண்ணு அது. அந்தப் பேச்சு எழுந்தா உன் சவடால மடிச்சுப் பையில வச்சுக்க.

வரையில எனக்கு ஒரு கொம்புக் குவளை வாங்கியா. அத்தைக்குத் தெரிய வேண்டாம். பில்லு உன் பேருலயே இருக்கட்டும்.