ந்தமல்லிக்கு வழி எது?

கேள்வி: கல்யாணப் பத்திரிகையில் 'பூ' ஒரு வரி, 'ந்தமல்லி' அடுத்த வரி என்று அச்சாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதா?
– வாசகர், பூந்தமல்லி

பதில்: சொல்லிக்கொடுத்தால் தெரியும்! புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. 'பூந்' என்று நிறுத்தி, 'தமல்லி'யைக் கீழே இறக்கலாம்; 'லி'யை மட்டும் தனியே தள்ளினால் பாவம். எழுத்துத் தொடர்களைப் பார்த்துச் சொல்லை உடைக்கும் முறையை ஃபிராங்க் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் தந்தார். ஆங்கிலத்துக்கு அப்படி ஆயிரக்கணக்கில் தொடர்கள் தேவைப்பட்டன. தமிழுக்கு ஒரு கைப்பிடி விதிகளே போதும். அவற்றை எழுதித் தந்தவர் சந்தோஷ் தோட்டிங்கல் என்ற மலையாளி. அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அச்சகத்தில் யூனிகோடில் அடித்து, மொழியைத் 'தமிழ்' என்று குறிக்கச் சொல்லுங்கள். அம்பத்தூர்க்காரர்களும் கவனிக்க வேண்டும், அவர்கள் ஊரில் மூன்று புள்ளி. ஆவடிக்குக் கவலையே இல்லை!